உழவர் பேச்சில் பாடிய ஊர்ப்புறக் குருவானவர்
வில்லியம் பார்ன்சின் வாழ்வும் பணியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படித்து முன்னேறுகின்ற ஒவ்வோர் இளைஞனும், ஒவ்வோர் இளம்பெண்ணும், ஒரு நாள் ஒரு கேள்வியை எதிர்கொள்ள நேர்கிறது. ஊரிலிருந்து கல்லூரிக்குச் செல்கிறோம். வாய் திறந்து நான்கு சொற்கள் பேசியவுடனே பக்கத்தில் இருப்பவர் நகைக்கிறார். நம் தாயும் பாட்டியும் வயலிலும் வாசலிலும் பேசிய பேச்சு அங்கே ஏளனப் பொருளாகிவிடுகிறது. அப்பேச்சை அன்றோடு துறந்துவிட்டு, படித்தவர் பேச்சை மேற்பூச்சாகப் பூசிக்கொள்வதா? அன்றி, கற்ற கல்வியைக் கொண்டே அப்பேச்சின் பெருமையை நிலைநாட்டுவதா?

இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் என்னும் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் பார்ன்ஸ் என்னும் கவிஞர். பள்ளி ஆசிரியராகவும் சிற்றூர்த் திருச்சபையின் குருவானவராகவும் பணி செய்தவர். அவர் தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான மக்களிடையே பிறந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய குடும்பம் குத்தகைக்கு நிலம் உழுத எளிய குடும்பம். அவர் பட்ட துன்பமும் நம்மவர் பட்ட துன்பமும் ஒன்றல்ல. ஆயினும் கல்வி, மொழி, உழைப்பவரின் மதிப்பு ஆகிய மூன்றைப் பற்றியும் அவர் வாழ்வு நமக்குச் சொல்வது மிகுதி.

கையெழுத்து திறந்த கதவு

டார்செட் மாவட்டத்தின் வடபகுதியில் பிளாக்மோர் பள்ளத்தாக்கு என்றொரு பசுமையான நிலப்பகுதி உண்டு. பால்மாடுகளுக்குப் பெயர் பெற்ற பகுதி அது. அங்கே ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்னும் சிற்றூருக்கு அருகே, 1801ஆம் ஆண்டு பார்ன்ஸ் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் 13 வயது வரை படித்தார். அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. இளமையிலேயே தாயை இழந்தார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்த பின் வேளாண் தொழில் வீழ்ச்சியுற்றபோது, அவர் சிறுவனாய் ஓடி விளையாடிய உறவினர் பண்ணையும் நொடித்துப்போயிற்று.

அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தது அவருடைய கையெழுத்து. ஊர் வழக்கறிஞர் ஒருவர் படியெடுக்கும் வேலைக்கு அழகாக எழுதத் தெரிந்த பையனைத் தேடினார். பார்ன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1818இல் மாவட்டத் தலைநகரான டார்செஸ்டருக்குச் சென்று வேறொரு வழக்கறிஞரிடம் எழுத்தர் ஆனார். பகலெல்லாம் பிறருடைய ஆவணங்களைப் படியெடுத்தார். எஞ்சிய பொழுதில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். மரத்தில் படம் செதுக்கவும் இசைக்கருவி மீட்டவும் பழகினார். ஜூலியா மைல்ஸ் என்னும் பெண்மீது அன்பு கொண்டார். கலால் அதிகாரி ஒருவரின் மகள் அவர். எழுத்தர் வருவாய் திருமணத்துக்குப் போதாது. 1823இல், தமது 22ஆம் வயதில், அண்டை மாவட்டத்தைச் சேர்ந்த மியர் என்னும் ஊரில் ஒரு சிறு பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து 1827இல் ஜூலியாவை மணந்தார்.

1835இல் டார்செஸ்டருக்குத் திரும்பி அங்கே தமது பள்ளியை நிறுவினார். ஆயினும் அவரிடம் பட்டம் இல்லை. பட்டம் இல்லாத ஆசிரியரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. அந்நாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருந்தது. வயது வந்த ஒருவர் தம் பெயரைப் பத்தாண்டுகள் பதிவேட்டில் வைத்திருந்து, இடையில் சில பருவங்கள் மட்டும் அங்கே தங்கினால், சமயவியல் பட்டத்துக்குரியவர் ஆகலாம். நம் நாளைய அஞ்சல்வழிக் கல்வியைப் போன்ற ஒரு வாயில் எனலாம். பார்ன்ஸ் 1838இல் பெயரைப் பதிவு செய்தார். ஆறு நாள் பள்ளி, வீடு நிறையப் பிள்ளைகள், வீட்டுக் கவலை, இவற்றுக்கிடையே படித்தார். 1847இல் குருப்பட்டத்தின் முதற்படியை ஏற்று, டார்செஸ்டரை அடுத்த விட்கோம்ப் என்னும் சிற்றூருக்கு உதவிக் குருவானார். 1850இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 49. இளைஞர்களே, வயது கடந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவைத்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இந்த எண்ணிக்கையை எடுத்துச் சொல்லுங்கள்.

கொச்சை என்றார்கள், இலக்கணம் என்றார்

இனி அவர் கவிதைக்கு வருவோம். டார்செட் உழவர் பேசிய ஆங்கிலம் ஏட்டு ஆங்கிலத்தினின்றும் வேறுபட்டது. ‘எஃப்’ ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘வி’ ஒலிக்கும். ‘எஸ்’ ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘இசட்’ ஒலிக்கும். நகரத்தார் இதைச் சிதைந்த ஆங்கிலம் என்றார்கள். கல்லாதவனின் கொச்சை என்றார்கள். நாடக மேடையில் கோமாளிக்கு உரிய பேச்சாக அதை ஒதுக்கிவைத்தார்கள்.

பார்ன்ஸ் 1830களின் தொடக்கத்தில், டார்செட் மாவட்டச் செய்தித்தாளில், அந்தப் பேச்சிலேயே கவிதைகள் எழுதத் தொடங்கினார். 1844இல் டார்செட் வட்டார மொழியில் ஊர்ப்புற வாழ்வுக் கவிதைகள் என்ற பெயரில் அவை நூலாக வெளிவந்தன. கவிதைகளோடு அவர் நிற்கவில்லை. அம்மொழியின் வரலாறு, இலக்கணம் பற்றிய ஓர் ஆய்வுரையையும், ஒரு சொல்லகராதியையும் அதே நூலில் சேர்த்தார். ஆல்பிரெட் மன்னன் காலத்து மேற்குச் சாக்சன் மொழியின் நேர் வழித்தோன்றல் இந்த உழவர் பேச்சு என்றார். இது ஏட்டு ஆங்கிலம் கெட்டு உண்டானதன்று, தனக்கெனத் தனி வரலாறு உடையது என்று வாதிட்டார்.

ஒரு சான்று காட்டுகிறேன். டார்செட் உழவர் மரம், நாற்காலி போன்ற உருவமைந்த பொருளை ஒரு சுட்டுச்சொல்லால் சுட்டுவர். தண்ணீர், மணல் போன்று தனக்கென ஓர் உருவம் இல்லாதவற்றை வேறொரு சுட்டுச்சொல்லால் சுட்டுவர். மரத்துக்குரிய சொல்லைத் தண்ணீருக்கு இட்டு வழங்கமாட்டார்கள். இந்த நுட்பம் ஏட்டு ஆங்கிலத்தில் இல்லை. உயர்திணை, அஃறிணை என்று பகுத்துப் பழகிய நமக்கு இத்தகைய பகுப்பின் அருமை எளிதில் விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாத மாடு மேய்ப்பவன் பிழையின்றிக் கையாண்ட இந்த இலக்கணத்தை, பார்ன்ஸ் எடுத்து எழுதிக் காட்டும்வரை கற்றவர் பலர் பொருட்படுத்தவில்லை.

இவ்வாறு சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்ததா என்று கேட்கலாம். 60க்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்டு 1854இல் ஒரு மொழியியல் இலக்கண நூலை வெளியிட்டவர் அவர். வெல்ஷ், இத்தாலியம், எபிரேயம், பாரசீகம், இந்துஸ்தானி முதலியவற்றையும் கற்றவர். அக்கல்வியைத் தம் பெருமைக்கு அணியாக்கிக்கொள்ளாமல், உழவர் பேச்சுக்கே கொண்டுவந்து சேர்த்தார். வெல்ஷ் புலவர்களிடம் ஒரு கடினமான யாப்பு உண்டு. அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வர வேண்டும். நம்முடைய மோனை, எதுகையினும் இறுக்கமான கட்டு. ஓர் ஆப்பிள் தோட்டத்தைப் பாடும் ‘லிண்டன் லீ’ என்னும் அவருடைய புகழ்பெற்ற பாட்டின் பல்லவியடியை இந்த முறையில் அமைத்தார். பாரசீகப் புலவர் கையாண்ட அணி முறை ஒன்றை வேறொரு பாட்டில் அமைத்தார். பாட்டைக் கேட்கும் பண்ணையாளுக்கு யாப்பின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தன் வீட்டுப் பேச்சு இவ்வளவு இனிதாக ஒலிப்பது அவன் செவிக்குத் தெரியும். அந்த ‘லிண்டன் லீ’ பாட்டுக்கு 1901இல் வான் வில்லியம்ஸ் என்னும் இசையமைப்பாளர் இசையமைத்தார். பாடகர்கள் அதை இன்றும் பாடுகிறார்கள்.

பறிபோன மந்தைவெளி

இவர் பூவையும் ஓடையையும் மட்டும் பாடிய கவிஞர் என்று சிலர் எண்ணுவதுண்டு. அவருடைய தொடக்க காலக் கவிதைகளைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் பொது நிலங்கள் இருந்தன. நிலமில்லாத ஏழையும் அங்கே ஒரு பசுவை மேய்க்கலாம்; வாத்து வளர்க்கலாம்; முட்புதர் வெட்டி அடுப்பெரிக்கலாம். இந்நிலங்களை வேலியிட்டுத் தனியார் உடைமையாக்குவதற்குப் பாராளுமன்றம் சட்டத்துக்குமேல் சட்டம் இயற்றியது. 1604 முதல் 1914 வரை இவ்வாறு இயற்றப்பட்டவை 5,200க்கும் மேல். சட்டம் இயற்றிய அவையில் நிலக்கிழார்கள் அமர்ந்திருந்தனர். பசு வைத்திருந்த ஏழைக்கு அங்கே இருக்கை இல்லை. மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் கைமாறினால் எளியவர் வீட்டில் என்ன நேரும் என்பதை நம் ஊர்ப்புறத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

பார்ன்ஸ் இதை ஓர் உரையாடல் கவிதையாக எழுதினார். சந்தைக்குச் செல்லும் வழியில் இரு உழைப்பாளிகள் சந்திக்கிறார்கள். ஒருவன் தன் வாத்துகளையெல்லாம் விற்கக் கொண்டுபோகிறான். சிறிய பசுவையும் விற்க நேரும் என்று அஞ்சுகிறான். பொது நிலத்தை வேலியிட்டு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். மேய்ச்சலும் போயிற்று, விறகும் போயிற்று என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கவிஞர் குறுக்கிட்டு அறிவுரை கூறவில்லை. பாதிக்கப்பட்டவனே தன் வாயால், தன் பேச்சில், தன் கணக்கைச் சொல்கிறான். சிறு பண்ணைகள் இரண்டை இணைத்து ஒன்றாக்கியதால் எளியவன் உழவனாக உயரும் வழி அடைபட்டதைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. ஏழைகளைப் பற்றிப் பிறர் பாடிய பாடல்கள் பல இருந்த காலத்தில், ஏழையின் வழக்கை ஏழையின் மொழியிலேயே செய்தித்தாளில் அச்சேற்றியது சிறிய செயலன்று.

டால்பட்டில் அறுவர்

இக்கவிதைகள் வெளிவந்துகொண்டிருந்த அதே நாளில், அதே மாவட்டத்தில், உலகத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. டார்செஸ்டருக்கு அருகில் உள்ள டால்பட்டில் என்னும் ஊரில் பண்ணைத் தொழிலாளரின் வாரக்கூலி 7 ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டிருந்தது. அதையும் 6 ஆகக் குறைக்கப்போவதாக அச்சுறுத்தினார்கள். தொழிலாளர் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆதலால் இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று பழைய சட்டம் ஒன்றைக் காட்டி அறுவரைப் பிடித்தனர். 1834 மார்ச்சில் டார்செஸ்டர் நீதிமன்றம் அவர்களுக்கு 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்து, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. நாடெங்கும் மக்கள் கிளர்ந்தெழுந்ததால் 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களின் தலைவரான ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு பண்ணையாள். மெதடிஸ்டு சபையில் பிரசங்கம் செய்தவர்.

பார்ன்ஸ் இந்தப் போராட்ட வழியில் நின்றவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளர்ச்சித் தலைவர்கள்மேல் அவருக்கு ஐயம் இருந்தது. சாசன இயக்கத்தார் வாக்குரிமை கேட்டுப் போராடிய நாளில், காகம் பன்றிக்கு ஆசைகாட்டும் ஒரு கதையைக் கவிதையில் வைத்து, பிறர் தூண்டுதலுக்கு ஆளாக வேண்டாமென்று உழைப்பாளியை எச்சரித்தார். நிலக்கிழாரும் உழவரும் இணக்கமாய் வாழ முடியும் என்றே அவர் நம்பினார். இது அவருடைய எல்லை. வேலியைப் பாட்டில் எழுதிக் காட்டியவர், வேலியை அகற்றக் கூடிய கூட்டத்தோடு சேரவில்லை. கூலியை உயர்த்தவும் உரிமையைப் பெறவும் லவ்லெஸ் போன்றோரின் வழியே தேவைப்பட்டது.

எனினும், அந்த அறுவரை விலங்கிட்டு நிறுத்திய உலகம் அவர்களுடைய பேச்சையும் இழிவாகவே கருதியது. ஒரு மனிதன் பேசுவது மொழியே அன்று என்று முடிவு கட்டிவிட்டால், அவன் முறையீட்டுக்குச் செவிகொடுக்க வேண்டிய கடமையும் இல்லாமற்போகிறது. அவன் பேசுவது வரலாறும் இலக்கணமும் உடைய மொழி என்று பார்ன்ஸ் நிலைநாட்டினார். சங்கம் செய்த பணி ஒன்று. கவிஞர் செய்த பணி மற்றொன்று. நமக்கு இரண்டும் வேண்டும். உழைப்பையும் பொன்னையும் பற்றி அவர் 1859இல் எழுதிய பொருளியல் நூலில், உழைப்பவனின் உடலையும் உள்ளத்தையும் வளர்க்கும் வேலை எது, கெடுக்கும் வேலை எது என்று ஆராய்ந்தார். செல்வத்தைப் பற்றிப் பேசும்போதும் மனிதனை மறவாதவர் அவர்.

சேகரகுருவின் நாட்கள்

1852இல் ஜூலியா இறந்தார். அவர் நாட்குறிப்பை இத்தாலிய மொழியில் எழுதிவந்தார். அதன்பின் ஒவ்வொரு நாளின் குறிப்போடும் மனைவியின் பெயரை எழுதி முடித்தார். பள்ளியின் கணக்கையும் வீட்டின் ஒழுங்கையும் தாங்கி நின்றவர் ஜூலியாவே. அவர் மறைந்தபின் பள்ளி தளர்ந்தது, கடன் சேர்ந்தது. 1861இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 70 பவுன் இலக்கிய உதவித்தொகை வழங்கியது. 1862இல் விண்டர்போர்ன் கேம் என்னும் சிற்றூரின் சேகரகுருவாக நியமனம் பெற்று, பள்ளியை மூடினார். அத்தறுவாயில் அவருடைய மாணவர் ஒருவர் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் முதலிடம் பெற்றார். உடனே தங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோர் பலர் எழுதினார்கள். ஆனால் பள்ளி மூடப்பட்டுவிட்டது. ஆசிரியரின் அருமையை ஊரார் காலம் தாழ்ந்தே உணர்கிறார்கள்.

எஞ்சிய 24 ஆண்டுகளையும் அவர் கூரை வேய்ந்த அந்தக் குருமனையில் கழித்தார். கேம், விட்கோம்ப் என்னும் இரு சிற்றூர்களின் உழவர் குடும்பங்களே அவர் சபை. முதுமையிலும் நடந்தே சென்று வீடு வீடாக மக்களைச் சந்தித்தார். பழைய பாணி உடையும், முதுகில் பையும், கையில் தடியுமாகச் சந்தை நாளில் டார்செஸ்டர் தெருவில் நடந்துவந்து, நகரக் கடிகாரத்தைப் பார்த்துத் தம் கைக்கடக்கமான கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் முதியவரை ஊரே அறிந்திருந்தது. ஊர் மன்றங்களில் தம் கவிதைகளை உரக்கப் படித்தார். புத்தகம் வாங்க இயலாத மக்கள் கேட்டுச் சிரித்தார்கள். கேட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

அவருடைய பள்ளிக்கு அடுத்த கட்டடத்தில், 1856 முதல், கட்டடக் கலைஞர் ஒருவரிடம் ஓர் இளைஞன் தொழில் பழகினான். இலக்கணத்தில் ஐயம் எழுந்தால் ஓடிவந்து பார்ன்சிடம் கேட்பான். கல் தச்சரின் மகனான அவ்விளைஞனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. அவர் நாவல்களில் பால்கறப்பவளும் ஆட்டிடையனும் கோமாளிகளாக வராமல் முழு மனிதர்களாக வருகிறார்கள். அவருக்கு முன்னோடியாக அதே மாவட்டத்து மக்களை அவர்கள் பேச்சிலேயே பாடியவர் பார்ன்ஸ்.

1886 அக்டோபர் 7ஆம் நாள் பார்ன்ஸ் இயற்கை எய்தினார். அடக்கத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்த ஹார்டி, தொலைவில் சவப்பெட்டியின்மேல் மாலை வெயில் பட்டு ஒரு கணம் ஒளி தெறித்ததைக் கண்டார். அதைத் தம் ஆசானின் கடைசிக் கையசைப்பாகக் கொண்டு ஒரு கவிதை எழுதினார். 1908இல் பார்ன்சின் கவிதைகளைத் தேர்ந்து தொகுத்து வெளியிட்டார். டார்செஸ்டரில் புனித பேதுரு ஆலயத்தின் முன் 1889இல் நிறுவப்பட்ட பார்ன்சின் சிலை நிற்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! படிப்பு பார்ன்சை வயலிலிருந்து மேலே கொண்டுசென்றது. வயலில் நின்றவர்களின் பேச்சை அவர் தம்மோடு எடுத்துச் சென்றார். ஏன் அப்பேச்சில் எழுதுகிறீர் என்று கேட்டவர்க்கு, அது தம் தாய்மொழி என்பதையே காரணமாகச் சொன்னார்.

நம் பாட்டிமாரின் நாவில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. மண்ணின் வகைக்கும், மழையின் வகைக்கும், மாட்டின் நிறத்துக்கும், பறையின் அடிக்கும் பெயர்கள் இருக்கின்றன. அகராதியில் ஏறாத சொற்கள் அவற்றுள் பல. ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் அவற்றுள் சில அவரோடு மறைகின்றன. ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், நாளொன்றுக்கு அரைமணி நேரம் இருந்தால் போதும். பாட்டியின் அருகே அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள். சொல்லுக்குப் பொருளும் எழுதுங்கள். அது எந்த ஊரில், எந்த வேலையின்போது வழங்கியது என்றும் குறியுங்கள்.

ஏட்டுத் தமிழும் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் ஐயந்திரிபறக் கற்றுக்கொள்ளுங்கள். அறுபது மொழிகளை ஆராய்ந்தவருக்கும் ஊர்ப்பேச்சு பாரமாக இருக்கவில்லை. நம் சங்கம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டு வருகிறது. அப்பிள்ளைகள் கற்றுத் திரும்பும்போது, வாசலில் நிற்கும் தாயின் சொல்லுக்குச் செவிசாய்ப்பவர்களாகத் திரும்ப வேண்டும்.